முகமும் புள்ளியும்

கணிப்பொறியிலுள்ள நிழற்படமாவது நிறப்புள்ளிகளின் கூட்டமேயாம். ஒரு முகத்தை இன்னாருடையதென்று துணிதற்கு அப்புள்ளிகள் எத்துணை வேண்டும்? 2015-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் மூவர், தாம் அமைத்த ‘ஃபேஸ்நெட்’ என்னும் செயற்கை நரம்புவலையைக் கொண்டு இதனை அளந்தனர். அயலாரிருவரை ஒருவரென மயங்குதல் மிக அரிதாதல் வேண்டுமென்னும் கட்டுப்பாட்டில், அகலமும் உயரமும் 256 புள்ளியாகவுள்ள முகப்படங்களில், ஒருவருடைய இரு படங்களை அவ்வலை நூற்றுக்கு 86.4 பங்கு ஒன்றெனக் கண்டது. 120 புள்ளியாகச் சுருக்கியும் 84.5, 80-இல் 79.5. ஈதென்ன பெருங்குறையென்று எண்ணுவோம். 40-க்கு இறங்கியவுடன் 37.8 ஆக வீழ்ந்துவிட்டது! இமையின் வளைவும் இதழின் ஓரமும் ஓரிரு புள்ளிகளிற் கரைந்தபின் வலைக்குப் பற்றுக்கோடு யாது? (அது 220 புள்ளிப் படங்களிற் பயின்றதென்பதும் நினைக்கத்தக்கது, சிறு படங்களிலும் பயிற்றின் சிறிது தேறலாம்.)

இத்தகைய இயந்திரம், எல்லை வகுத்து வைத்தாலன்றி, ‘அறியேன்’ என்று உரைப்பதில்லை. தன்னிடமுள்ள முகங்களுள் அண்மையானதை எடுத்து நீட்டும். 2020 சனவரியில் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரை அடுத்த ஊரொன்றில், கடைத் திருட்டொன்றின் மங்கிய படத்திற்கு வேறோர் இயந்திரம் அவ்வாறு நீட்டிய முகத்தைக் கொண்டு, காவலர் குற்றமற்ற ஒருவரை அவர் வீட்டு முற்றத்தில், மனைவியும் இரு பெண்மக்களும் காண விலங்கிட்டனர். ஏறக்குறைய 30 மணி நேரம் அவர் காவலிலிருந்தார்.