மண்ணைக்கடக்கமும் முத்துக் கடலும்

அன்புள்ள செல்விக்கு,

யாப்பு மதிப்பெண்ணுக்குத்தானே என்று கேட்டிருந்தாய். உங்கள் களம்பூரிலிருந்து போளூர் போகும் வழியில், வடமாதிமங்கலம் பக்கம் திருமலை இருக்கிறதே, அந்தச் சமணக் குன்றின் பாறையில் முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி இருக்கிறது. கங்கை வரை வென்ற நாடுகளின் பட்டியல். கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் படித்து 1890இல் அச்சிட்டார். பட்டியல்தான், ஆனால் ஆசிரியப்பா.

கல்லில் அடி பிரித்திருக்காது. இடம் தீர்ந்த இடத்தில் வரி மடங்கும். புள்ளியும் பெரும்பாலும் இராது. சீரை எண்ணி, எதுகையைத் தேடி, அடியை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். தெலங்கானாவின் கொலனுபாகவை எடுத்துக்கொள். மெய்க்கீர்த்தியில் அது கொள்ளிப்பாக்கை. ‘உம்’ சேர்த்து அலகிடு: கொள்/ளிப், தேமா, பாக்/கையும், கூவிளம். இரண்டு சீர் ஆயிற்று. நாற்சீரடிக்கு இன்னும் இரண்டு முன்னால் இருக்க வேண்டும். இருக்கின்றன, அவற்றில் முதல் சீரின் இரண்டாம் எழுத்தும் ‘ள்’. ஒன்றும் மூன்றும் இப்படிப் பொருந்தினால் பொழிப்பெதுகை. கர்நாடகத்து மால்கேடு, அதாவது மண்ணைக்கடக்கம், வரும் அடியிலும் இதே கணக்கு; அங்கே ‘ண்’.

புலவரின் சங்கடத்தை யோசித்துப் பார். ஊர்ப்பெயர் தறியில் ஏற்றிய பாவு, இனி மாற்ற முடியாது. அடைமொழிதான் ஊடை, கைவரிசையெல்லாம் அதில்தான். ஆகவே அடைமொழியை வரலாற்றுச் சான்றாக எடுக்கும் முன் எதுகையைப் பார்த்துவிடு.

உத்திரலாடத்துக்கு முத்துக் கடலை அடையாக்கியிருக்கிறார். வங்காளத்தின் உள்நாட்டுப் பகுதி அது. அங்கே முத்துக்குளித்தார்கள் என்று எழுதக் கிளம்பினால் வம்பு. முத்துக்கு அவர் பொறுக்கிய சொல்லில் ‘த்தி’ வருகிறது, உத்திரத்திலும் ‘த்தி’. முத்து அந்த நாட்டுச் செல்வத்துக்கு உவமை என்பவர்கள் உண்டு. இருக்கட்டும், அந்த உவமையைக் கூப்பிட்டதே எதுகைதான் என்பது என் கட்சி.

அதற்காக எதுகைக்கு வந்ததெல்லாம் பொய் என்றும் முடிவு கட்டாதே. வங்காளத்தைச் சாரல் ஓயாத நாடு என்கிற அடியிலும் பொழிப்பெதுகைதான். ஆனால் அந்த ஊர் மழையைப் பார்த்தவர் யாரும் அதை மறுக்க மாட்டார்.

அதே பட்டியலில் வரும் தக்கணலாடத்தை உனக்கு விட்டுவைத்திருக்கிறேன். அடி பிரித்து அச்சிட்ட புத்தகத்தைத் திறக்காமல், ‘க்’ ஒலிக்கும் முதல் சீர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து எழுது. அடைமொழி என்ன சொல்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
உன் மாமா