முத்திரை இருக்கு சரி, எதுக்கான முத்திரை?

பொங்கல் விழா நெருங்கிட்டா நம்ம வகுப்பு வாட்ஸப் குழு முழுக்க வேட்டி, சேலை, கொலுசு லிங்க்தான். பாதிக்கு மேல "ப்யூர் ஹேண்ட்லூம் சில்க்"னு எழுதியிருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க. நூல் பட்டா, நெய்தது கையாலயா என்பது ரெண்டு தனித்தனி கேள்வி. ஒண்ணுக்கு ஆதாரம் காட்டி, இன்னொண்ணையும் சேர்த்து விக்கிறது இங்க சாதாரணம்.

2004-ல் வந்த சில்க் மார்க் பட்டு அசல்னு மட்டும்தான் சொல்லும். விசைத்தறிப் பட்டுக்கும் அது கிடைக்கும். கைத்தறின்னு சொல்றது 2006-ல் வந்த ஹேண்ட்லூம் மார்க். ரெண்டும் வேணும்னா ரெண்டு முத்திரையையும் தேடுங்க.

விசைத்தறியை நான் மட்டம் தட்டலை. பள்ளிபாளையமும் குமாரபாளையமும் அதை நம்பித்தான் இருக்கு. அதை கைத்தறின்னு சொல்லி விக்கும்போதுதான் சிக்கல். 1985-ம் வருஷச் சட்டம் சில வகைச் சேலை, வேட்டி உட்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி வெச்சிருக்கு. சட்டம் இருந்தும் கடையில ரெண்டும் கலந்துதான் கிடக்கு.

நம்ம ஊர்ச் சரக்குன்னா முதல்ல சேலம் வெண்பட்டு. புவிசார் குறியீடு வாங்கின வெள்ளைப் பட்டு வேட்டி, அங்கவஸ்திரம். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. ஊடை நூலை அடிக்கிறது மனுஷக் கை என்பதால அடர்த்தி லேசா கூடிக் குறையும். கைதேர்ந்த நெசவாளர் நெய்தா அதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால இதை மட்டும் நம்பாதீங்க. பட்டான்னு பார்க்க, ஓரத்துல தொங்குற ஒரு இழையை உருவி எரிங்க. பட்டு முடி கருகின வாசனையோட பொடியாகும். பாலியஸ்டர் உருகி, ஆறினதும் கெட்டி மணியாயிடும்.

எங்க வாங்கறது? நெசவாளர் கூட்டுறவு சங்கம், இல்லைன்னா 1935-லிருந்து இருக்கிற கோ-ஆப்டெக்ஸ். பட்டுக்கு பட்ஜெட் பத்தலையா, ஒரு கைத்தறிப் பருத்தித் துண்டுல ஆரம்பிங்க. (கைத்தறிக்குன்னே பி.டெக். சொல்லித் தர்ற அரசு நிறுவனம் சேலத்துலயே இருக்கு. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?)

கொலுசுலயும் இதே குழப்பம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடுன்னு வீட்டுக்கு வீடு வெள்ளிப் பட்டறை. 925 முத்திரைன்னா 1000-ல் 925 பங்கு வெள்ளி. கைவேலையா மெஷினான்னு அது சொல்லாது. அதோட கைவேலைக் கொலுசுல பத்தவைப்பு அதிகம். சுத்த வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேணும். பத்தவைக்கிற கலவை அதுக்கு முன்னாடியே உருகணும், அதனால வேற உலோகம் சேர்த்தே ஆகணும். மெட்டலர்ஜி பேப்பர்ல வந்த யூடெக்டிக் ஞாபகம் இருக்கா? 72 சதம் வெள்ளி, 28 சதம் செம்பு, 779 டிகிரி. அதே தத்துவம்தான். ஆகவே இணைப்பு கூடக்கூட மொத்தத் தூய்மை குறையும். அது தானாவே ஏமாத்து ஆகிடாது. "எத்தனை டச்?"னு கேளுங்க, சொன்னதை பில்லுல எழுதி வாங்குங்க.

பில்லுல வெள்ளி விலையும் செய்கூலியும் தனித்தனியா இருக்கட்டும். வெள்ளி விலை உலகச் சந்தையில முடிவாகுது. நீங்க பேரம் பேசினா குறையறது செய்கூலி, அதாவது பட்டறையில குனிஞ்சு உட்கார்ந்தவரோட காசு.

வாங்கினதைப் பெட்டியில பூட்டாதீங்க. வெண்பட்டை மடிப்பு மாத்தி வைங்க, சென்ட்டை நேரா அதுமேல அடிக்காதீங்க. கொலுசு கறுக்கறது காத்துல இருக்கிற கந்தகச் சேர்மங்களால. துடைச்சு, காத்து புகாத கவர்ல போடுங்க. முத்து உதிர்ந்தா தூக்கிப் போடாம பட்டறைக்கே எடுத்துட்டுப் போங்க, பத்தவெச்சுக் குடுப்பாங்க.