நல்லூர் இராசதானியின் காசும் கடனும்

நல்லூர்த் திருவிழா மலர்களிலும் பாடசாலைப் பேச்சுப்போட்டிகளிலும் ஒரு பழங்காலம் அடிக்கடி வருணிக்கப்படுகிறது. அங்கே காசு கிடையாது. உழவர் நெல் கொடுப்பார், கடற்றொழிலாளர் மீன் கொடுப்பார், கொல்லர் கத்தி அடித்துக் கொடுப்பார்; எல்லோர் வயிறும் நிறையும். கடனும் வட்டியும் பறங்கியர் கப்பலில் வந்து இறங்கியவை. இந்தச் சித்திரத்தில் உண்மை கொஞ்சம், பிழை அதிகம். யாருடைய உழைப்பில் யார் உண்டார் என்ற கேள்வியை அது மூடி மறைக்கிறது. அதனால்தான் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: அந்தக் காலத்தில் காசு இல்லை, எல்லாம் பண்டமாற்று.

சுன்னாகத்துக்கு அருகே உள்ள கந்தரோடையில் கிடைத்த பொருள்களைப் பற்றி வரலாற்றாளர் போல் பீரிஸ் 1917 இலும் 1919 இலும் எழுதினார். முத்திரை குத்திய வெள்ளிக்காசுகள், இலட்சுமி உருவம் பொறித்த தகடுகள், உரோமக் காசுகள் என்று அந்தச் சிற்றூரின் மண்ணுக்குள் பல நூற்றாண்டுக் கொடுக்கல் வாங்கல் புதைந்து கிடந்தது. முத்திரைக் காசு என்பது குறித்த நிறைக்கு வெட்டிய வெள்ளித் துண்டு. நிறையை நம்பலாம் என்பதற்கு அதன் மேல் அடையாளம் குத்தினார்கள். வட இந்தியாவில் பிறந்த இந்தக் காசு வகை, நல்லூர் தலைநகராவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்னரே யாழ்ப்பாணக் குடாநாட்டில் புழங்கியது.

பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி 1619 இல் போர்த்துக்கேயர் கைப்பற்றும் வரை நிலைத்த, நல்லூரிலிருந்து யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசு சொந்தமாகவே காசு வெளியிட்டது. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே தமிழில் ‘சேது’. இவற்றுள் பெரும்பாலானவை செப்புக் காசுகள். நான் முக்கியமாகக் கருதுவது இந்தச் செம்பைத்தான். கப்பல் நிறைய யானை வாங்க வருபவர் செப்புக் காசைச் சுமந்துகொண்டு வரமாட்டார். மன்னருக்கு இன்னொரு மன்னர் அனுப்பும் திறையும் செம்பில் போகாது. செப்புக் காசு எண்ணெய்க்கும் வெற்றிலைக்கும் மீனுக்குமான காசு. அதை அடித்து வெளியிட்ட அரசின் சந்தையில் சாதாரண சனங்கள் காசு கொடுத்துச் சாமான் வாங்கினார்கள்.

அப்படியானால் பண்டமாற்றே இல்லையா? இருந்தது. வண்டிகளில் உப்பை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன உமணரை அகநானூறு காட்டுகிறது. அவர்கள் உப்புக்கு ஈடாக நெல்லை அளந்து வாங்கினார்கள். வந்து போகிறவர்களுடன் கணக்கு வைத்திருக்க முடியாது. உப்பை அளந்ததும் நெல்லை அளந்தாக வேண்டும். உள்ளூருக்குள் நடந்தது வேறு. இன்று வாங்கியதை அறுவடைக்குக் கொடுத்தார்கள்; அதாவது கடன். ஆடம் சிமித் 1776 இல் வெளியிட்ட நூலில், முதலில் பண்டமாற்று, அதன் தொல்லை தாங்காமல் பிறகு பணம் என்று ஒரு வரிசை சொன்னார். அதுவே நம் பாடப்புத்தகம் வரை வந்து சேர்ந்தது. ஆனால் தூய பண்டமாற்றில் மட்டும் வாழ்ந்த சமூகம் ஒன்று இதுவரை எங்குமே பதிவாகவில்லை என்று மானிடவியலாளர் கரோலின் ஹம்ப்ரி 1985 இல் எழுதினார். அந்தக் கூற்று இன்றும் நிற்கிறது.

காசு கையில் இல்லாத இடத்திலும் காசுக் கணக்கு இருந்தது. பண்டை எகிப்தில் அரச கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர் வாழ்ந்த ஊரில், மாட்டுக்கும் கட்டிலுக்கும் செம்பின் நிறையில் விலை சொன்னார்கள்; கை மாறியதோ தானியமும் துணியும். தஞ்சைப் பெருங்கோயில் கல்வெட்டுகளில் காசும் நெல்லும் ஒன்றுக்கொன்று ஈடாக எழுதப்பட்டுள்ளன. ஈழத்து ஊர்கள் அந்தக் கோயிலுக்கு அனுப்ப வேண்டியவையும் அங்கே பதிவாகியுள்ளன. சோழர் கல்வெட்டுகளிலேயே ‘ஈழக்காசு’ என்று ஒரு காசு பேசப்படுகிறது. காசே அறியாத நாடாக ஈழம் இருந்திருந்தால் அந்தப் பெயர் சோழ நாட்டுக் கணக்கில் ஏறியிராது.

நம்பிக்கை: சேது என்று எழுதியிருப்பதால் அவை இராமநாதபுரம் சேதுபதிகளின் காசுகள்.

முன்னர் சிலர் அப்படி எண்ணியதுண்டு. நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர் இவை யாழ்ப்பாண மன்னருடையவை என்று வாதிட்டார். 1924 இல் வெளிவந்த கொட்றிங்டனின் இலங்கை நாணய நூலும் அவற்றை யாழ்ப்பாணத்துக்கே உரியவையாகக் கொண்டது. இராமநாதபுரத்தில் சேதுபதிகள் அரசமைத்துத் தலையெடுத்தது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதே நூற்றாண்டில்தான் நல்லூர் அரசு முடிந்துபோனது; அதன் காலத்தின் பெரும்பகுதியில் சேதுபதி அரசே இல்லை.

நம்பிக்கை: கடல் வாணிபம் வணிகரின் துணிச்சல் மட்டுமே; அரசர்களுக்கு அதில் வேலை இல்லை.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. சிங்கள மன்னர் தமிழில் பொறித்த ஆணை. வரலாற்றாசிரியர் கார்த்திகேசு இந்திரபாலா அதைப் படித்து வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் சரக்கில் நான்கில் ஒரு பங்கு திறைசேரிக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி.

இந்தக் கணக்கை ஆற அமர யோசித்துப் பார்க்க வேண்டும். உடைந்த கப்பலின் சரக்கு முழுவதும் கரையை ஆளும் அரசனுக்கே என்பது அக்காலத்தில் பல கரைகளில் இருந்த வழக்கம். ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னர் கணபதிதேவர், முன்னைய அரசர்கள் அப்படிப் பறித்ததைச் சொல்லி, தாம் அதைக் கைவிடுவதாக 1244 இல் கல்லில் வெட்டினார். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே நயினாதீவில் இந்தப் பங்கீடு வந்துவிட்டது. எந்தச் சரக்கு அரசுக்குத் தேவையோ அதைக் கொண்டுவருபவருக்குச் சலுகை கூட. போருக்கு வேண்டிய குதிரையையும் யானையையும் வரவழைக்க வகுத்த வணிகக் கொள்கை இது.

1344 இல் புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த பயணி இபன் பதூதா இன்னொன்றைச் சொல்கிறார். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் மேடுமேடாகக் கிடந்தன. மாபார் எனப்பட்ட தமிழகக் கிழக்குக் கரையிலும் மலபாரிலும் இருந்து வந்தவர்கள் அதை விலை கொடுக்காமல் எடுத்துச் சென்றார்கள். பதிலுக்கு மன்னருக்குத் துணிகளையும் அதுபோன்ற பொருள்களையும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். கொடுக்காமல் அள்ளிக்கொண்டு போனவர் அடுத்த பருவத்தில் அந்தக் கரைக்குத் திரும்பி வந்திருக்க முடியுமா? அன்பளிப்பின் பெயரில் அங்கே நடந்தது வரியும் வியாபாரமும்தான்.

நம்பிக்கை: காசு இல்லாத ஊர் வாழ்வு சமத்துவமானது, கடனும் வட்டியும் அந்நியர் கொண்டுவந்தவை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த நம்பிக்கைதான். சுமார் கி.மு. 1750 இல் பாபிலோனின் ஹம்முராபி தானியக் கடனுக்கும் வெள்ளிக் கடனுக்கும் தனித்தனியே வட்டி வகுத்தார். தஞ்சைப் பெருங்கோயில் ஊர்ச்சபைகளுக்குக் கொடுத்த காசுக்கு ஆண்டு வட்டி அரைக்கால், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் ஆட்சியில் அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் எழுதிக் கொடுத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். தேசவழமை எனப்படும் அந்தத் தொகுப்பில் ஒற்றி விரிவாக வருகிறது. கடன் வாங்கியவர் காணியைக் கொடுப்பார்; கொடுத்தவர் வட்டிக்குப் பதில் அதன் விளைச்சலை அனுபவிப்பார். மீட்கும் காலம் பயிருக்குப் பயிர் வேறுபடும். இத்தனை நுணுக்கம் ஒரு தலைமுறையில் முளைக்காது. அடகும் கூலியும் அதே தொகுப்பில் இருக்கின்றன.

சூடு மிதித்த களத்தில் கட்டாடிக்கும் பரியாரிக்கும் கொல்லருக்கும் தச்சருக்கும் நெல் அளந்தார்கள். அதைப் பண்டமாற்று என்று அழகாகச் சொல்கிறோம். மாற்று என்றால் இருவரும் மறுக்கும் உரிமை உள்ளவர்களாக இருக்க வேண்டும். அந்தக் குடிமைத் தொழிலாளர் இந்த வீட்டுக்குச் செய்ய மாட்டேன் என்று விலகவும் முடியாது, அளந்த நெல் போதாது என்று வேறிடம் போகவும் முடியாது. தொழிலைப் பிறப்பு தீர்மானித்தது. அளவை எசமானர் தீர்மானித்தார். அரசுக்குச் செய்யும் ஊழியமும் அப்படியே. ஒல்லாந்தர் காலத்தில் பணம் கட்ட வல்லவர் அந்த ஊழியத்திலிருந்து விலகிக்கொள்ள முடிந்தது. காசைக் காணாதவரே உடலால் கட்டினார். காசு இல்லாமை அவருக்குச் சுதந்திரமாக இருக்கவில்லை.

அதே தேசவழமையில் அடிமைகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. சில சமூகங்களைப் பெயர் சொல்லியே அது அடிமைகள் என்கிறது. அவர்கள் செய்ய வேண்டிய வேலைகளைக் காணி, மாடு, நகை பற்றிய விதிகளோடு சேர்த்தே எழுதியிருக்கிறது. பிரித்தானியர் 1806 இல் தேசவழமைக்குச் சட்ட வலு கொடுத்தார்கள். இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1844 இல்.