உழவர் கணக்கு: எக்செல் போதுமா, மென்பொருள் வேணுமா?

கூட்டங்களில் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பண்ணைக் கணக்கை எக்செல்லில் எழுதலாமா, டேலி மாதிரி மென்பொருள் வாங்கணுமா?" என் அனுபவத்தையே பாடமாகச் சொல்கிறேன்.

ஒரு ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா போட்டேன். உழவு, நடவு, அறுப்பு என்று கையிலிருந்து போனது 14,000 ரூபாய். விளைந்தது 1,200 கிலோ. வியாபாரி கிலோ 24 ரூபாய்க்குக் கேட்டார், கொடுத்துட்டேன். வந்தது 28,800. லாபம் 14,800 என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு உட்கார்ந்து, காசு கொடுக்காமல் போட்டதையெல்லாம் எழுதினேன். குடும்பத்து ஆள் வேலை 34 நாள், நாளுக்கு 400 வீதம் 13,600. வீட்டு விதை 20 கிலோ, 1,200. பஞ்சகவ்யத்துக்கு எடுத்த வீட்டுப் பால், தயிர், நெய் 2,500. மொத்தச் செலவு 31,300. அதாவது கிலோவுக்கு அடக்கமே 26 ரூபாய். லாபம் இல்லை, 2,500 நட்டம்! அந்த 34 நாளில் 20 நாள் என் வீட்டம்மா உழைத்தது. அதுவரை எந்த நோட்டிலும் அது ஏறியதே இல்லை.

ரசாயன விவசாயத்தில் செலவுக்குக் கடை ரசீது இருக்கும். நம் செலவில் பாதிக்கு ரசீதே கிடையாது. அதனால் தனி உழவருக்கு எக்செல்தான் வசதி. கூகுள் ஷீட்ஸ், லிபர்ஆபீஸ் கால்க் இரண்டும் இலவசம். பத்தி இப்படிப் போடுங்கள்: தேதி, வயல், பயிர், வேலை, அளவு, கையிலிருந்து போனது, வீட்டிலிருந்து போனது, வரவு. அங்ககச் சான்று ஆய்வுக்கு வருபவர் கேட்கும் வயல்வாரிப் பதிவுக்கும் இது உதவும்.

எக்செல்லில் ஒரு ஆபத்து உண்டு. விரல் தவறிப் பட்டால் சூத்திரம் அழிஞ்சு போகும், கூட்டுத்தொகை தப்பானாலும் அது சொல்லாது. மாதம் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

மென்பொருள் எப்போது வேணும்? பலபேர் விளைச்சலைச் சேர்த்து விற்கும்போது. யார் எத்தனை மூட்டை கொடுத்தார், யாருக்குப் பாக்கி, இருப்பு எவ்வளவு என்பதை எக்செல்லில் கட்டி மேய்ப்பது கஷ்டம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிந்திருந்தால் இரட்டைப் பதிவு முறையில் கணக்கு வைப்பது சட்டப்படி கட்டாயம். நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடத்தைக் காட்ட வேண்டும் என்ற விதியும் 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளது. அங்கே எக்செல்லை நம்பி இருக்கக் கூடாது.

எதில் ஏற்றினாலும், அன்றைய வேலையை அன்றைக்கே பாக்கெட் நோட்டில் குறியுங்கள். வாரம் ஒருநாள், வீட்டம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினியில் ஏற்றுங்கள். நாம் மறந்த வேலைநாளை அவர்கள் சொல்வார்கள். அடுத்த முறை வியாபாரி விலை கேட்கும்போது, நம் அடக்கவிலை நமக்குத் தெரிஞ்சிருக்கும்.