வரப்பும் வட்டும்

தொண்டை நாட்டில் ஆறுகள் ஆண்டு முழுதும் ஓடுவதில்லை. மழைக்காலத்தில் வரும் நீரைத் தேக்கி வைத்தாலன்றி அந்நாட்டில் வேளாண்மை நடவாது. ஆதலின் பண்டை மன்னர் ஊர்தோறும் ஏரி அமைத்தனர். இராணிப்பேட்டை மாவட்டத்துக் காவேரிப்பாக்கம் ஏரி அவற்றுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் அதனை அமைத்தான் என்பர். அவ்வேரி எவ்வளவு நீர் கொள்ளும் என்று கேட்பவன், அதன் பரப்பை மட்டும் நோக்கினால் போதாது. கரை எவ்வளவு தாங்கும் என்பதையும் நோக்க வேண்டும். கலங்கலை உயர்த்தினால் மிகுதியான நீர் நிற்கும். கரை தாங்காவிடின் முன்பு நின்ற நீரும் போய்விடும்.

கொள்ளளவு பற்றிய இவ்வுண்மை ஏரிக்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறிக்கு உரிய நெகிழ்வட்டிலும் இதனைக் காணலாம். ஃப்ளாப்பி என்று மக்கள் வழங்கிய அவ்வட்டினை இக்கால மாணவருள் கண்ணால் கண்டவர் சிலரே ஆவர். எனினும் அதன் வரலாறு நாம் கற்கத்தக்க பாடம் ஒன்றை உடையது.

ஐ.பி.எம். நிறுவனம் 1971ஆம் ஆண்டில் முதல் நெகிழ்வட்டினை வெளியிட்டது. அதன் அகலம் எட்டு அங்குலம். பின்னர் வட்டு சிறுத்தது. கொள்ளும் அளவோ பெருகியது. 1987ஆம் ஆண்டு முதல் பரவிய மூன்றரை அங்குல வட்டு உலகெங்கும் வழக்காயிற்று. மெல்லிய வட்டத் தகட்டின்மேல் காந்தப் பொருள் பூசி, அதனைக் கெட்டியான உறையில் இட்டிருப்பர். எழுத்துகள் காந்தக் குறிகளாக அதன்மேல் பதியும்.

இவ்வட்டினை ஒரு வயல்வெளியாக எண்ணிப் பாருங்கள். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் 80 தடங்கள் வளையம் வளையமாக அமைந்துள்ளன. ஒவ்வொரு தடமும் செக்டார் எனப்படும் 18 கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு கூறு 512 பைட் கொள்ளும். ஆங்கில எழுத்து ஒன்று தங்கும் இடமே ஒரு பைட் ஆகும். இரு பக்கங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் வட்டு 14,74,560 பைட் கொள்ளும் என்பது விளங்கும். இதனையே 1.44 மெகாபைட் என்று வழங்கினர். ஆனால் அத்தகைய வட்டுகள் பலவற்றின்மேல் 2 மெகாபைட் என்று அச்சிடப்பட்டிருக்கும். எஞ்சிய இடம் எங்கே போயிற்று?

வயல்வெளி முழுவதும் நெல் விளைவதில்லை. பாத்திக்கும் பாத்திக்கும் இடையே வரப்பு இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது. வட்டிலும் அவ்வாறே. ஒரு தடம் முழுமையாக 12,500 பைட் கொள்ளும். ஆயினும் ஒவ்வொரு கூறுக்கும் அதன் எண், பிழை காணும் குறி முதலியவற்றை எழுத 62 பைட் வேண்டும். ஆகவே ஒரு கூறு கொள்ளும் இடம் 574 பைட். பதினெட்டுக் கூறுகளுக்கு 10,332 பைட் போக, மீதி 2,168 பைட் தடத்தின் தொடக்கத்திலும் கூறுகளின் இடையிலும் வெற்றிடமாக விடப்பட்டுள்ளது. இவ்வெற்றிடமே வட்டின் வரப்பு.

இவ்வரப்பு வீணன்று. வட்டு நிமிடத்திற்கு 300 முறை சுழல வேண்டும். எல்லா இயந்திரங்களும் இம்மியும் பிசகாமல் அவ்வாறு சுழற்றுவதில்லை. ஒன்று சற்று விரையும், மற்றொன்று சற்றுத் தளரும். விரைந்து சுழலும் இயந்திரத்தில் ஒரு கூறினைத் திருத்தி எழுதினால், புதிய எழுத்து பழைய எல்லையைச் சிறிது கடந்து நீளும். இடையே வரப்பு இருந்தால் அந்நீட்சி அதனுள் அடங்கும். இல்லையேல் அடுத்த கூறின் தலைப்பையே அழித்துவிடும்.

வரப்பைச் சிறிது செதுக்கினால் கூடுதலாக விளைவிக்கலாமே என்று அறிஞர் சிலர் எண்ணினர். ஒரு தடத்தில் 21 கூறுகளை அமைத்தால் 12,054 பைட் செல்லும். எஞ்சுவது 446 பைட். 22 கூறுகளுக்கோ 12,628 பைட் வேண்டும். அது தடத்தில் அடங்காது. ஆகவே 512 பைட் கூறுகளுக்கு 21 என்பதே எல்லை. அம்முறையில் வட்டு 17,20,320 பைட் கொண்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதனை டி.எம்.எஃப். என்னும் பெயரால் கையாண்டது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 இவ்வகையில் 13 வட்டுகளில் விற்கப்பட்டது. முதல் வட்டு மட்டும் வழக்கமான வகையைச் சேர்ந்தது. அவ்வட்டுகள் அனைத்தும் நிறைந்திருப்பின், பழைய முறையில் 15 வட்டுகள் வேண்டியிருக்கும்.

ஐ.பி.எம். நிறுவனம் வேறொரு வழியை நாடியது. சிறு பாத்திகள் பலவற்றைச் சேர்த்துப் பெரும்பாத்தி ஆக்கினால் வரப்புகளின் எண்ணிக்கையே குறையும் அன்றோ? ஒரு தடத்தில் பெரியதும் சிறியதுமாக நான்கே கூறுகளை வைத்து, 18,84,160 பைட் கொள்ளுமாறு எக்ஸ்.டி.எஃப். என்னும் அமைப்பை அது கையாண்டது. இன்னும் சிலர் எண்பது தடங்களுக்கு அப்பாலும் ஓரிரு தடங்களைச் சேர்த்தனர். ஆனால் எல்லா இயந்திரங்களின் முனையும் அவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு உறுதி இல்லை.

பழைய டாஸ் முறையில் இயங்கும் கணிப்பொறிகளை இன்றும் விரும்பிப் பேணுவோர் உளர். அவர்க்கென ஜிம் ஹால் என்னும் அமெரிக்க மாணவர் 1994இல் தொடங்கிய முயற்சியே ஃபிரீடாஸ் என்னும் இயக்க முறைமை. 2006இல் அதன் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. இத்தகைய முறைமை ஒரு வட்டினை எவ்வாறு அறிகிறது? வட்டின் முதற்கூறில், தடத்திற்கு எத்தனை கூறுகள் என்னும் எண் எழுதப்பட்டிருக்கும். ஊர்க் கணக்கர் புலத்தின் அளவைப் பதிவேட்டில் எழுதி வைப்பது போன்றது அது. 18 என்றிருந்தால் பழைய முறை. 21 என்றிருந்தால் விரிந்த முறை. பதிவேடு சரியாக இருந்தாலன்றி வட்டினைப் படிக்க இயலாது.

இனி, இதன் மறுபக்கத்தையும் நோக்குவோம். இக்காலத்தில் யூ.எஸ்.பி. வழியாக இணைக்கப்படும் வட்டு இயக்கிகளுள் பெரும்பாலானவை வழக்கமான அளவுகளை மட்டுமே அறியும். விரிந்த முறையில் எழுதிய வட்டினை அவற்றுள் இட்டால், அது பழுதுற்றது என்றே கூறும். வட்டு பழுதுறவில்லை, படிக்கத் தெரிந்த இயந்திரம் அருகிவிட்டது. சோனி நிறுவனம் ஜப்பானில் நெகிழ்வட்டு விற்பனையை 2011இல் நிறுத்தியது. சிறிது இடத்தை மிச்சப்படுத்த அன்று செய்த உத்தி, இன்று அப்பொருளைத் திறக்க இயலாத பூட்டாகிவிட்டது.

தமிழர்க்கு இதில் மற்றொரு பூட்டும் உண்டு. 1980களிலும் 1990களிலும் கணிப்பொறியில் தமிழை எழுதியோர் தத்தம் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண் அளித்தனர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. ஒருங்குறி பரவிய பின்னரே இக்குறை நீங்கியது. ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒன்றுக்குப் பொதுவாக மூன்று பைட் செல்கிறது. எனினும் அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு குறளுக்கு 200 பைட் என்று தாராளமாகக் கொண்டாலும் 1330 குறளுக்கும் 2,66,000 பைட் போதும். வழக்கமான ஒரு வட்டிலேயே திருக்குறள் முழுவதையும் ஐந்து படிகள் வைக்கலாம்.

ஆகவே அழியாமை என்பது மிகுதியாகத் திணிப்பதால் வருவதன்று. மீண்டும் மீண்டும் படியெடுப்பதால் வருவது. நம் முன்னோர் ஏடு நைந்தபோது புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். அவ்வாறு பெயர்க்கப்படாத நூல்கள் செல்லுக்கு இரையாயின. எஞ்சிய ஏடுகளை ஊர் ஊராகச் சென்று தேடி அச்சில் ஏற்றினார் உ.வே. சாமிநாதையர். 1998இல் பொங்கல் நாளன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை மின்வடிவில் எவரும் பெறுமாறு செய்து வருகிறது. ஓலையும் தாளும் வட்டும் வெவ்வேறாயினும் செய்யத்தக்க பணி ஒன்றே.

மாணவர்களே! உங்கள் வீட்டிலோ ஊர்ப் பள்ளியிலோ பழைய வட்டுகள் கிடப்பின் அவற்றைக் குப்பை என எறியாதீர்கள். படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, உள்ளிருப்பதைப் பொதுவழக்கான வடிவில் பெயர்த்து வையுங்கள். கரை காக்கும் ஊரில் ஏரி நிலைக்கும். படியெடுக்கும் மக்களிடையே நூல் நிலைக்கும்.

பயிற்சி

1. வட்டில் வெற்றிடம் விடப்படுவதன் காரணம் யாது?
2. ஒரு தடத்தில் 512 பைட் கூறுகள் 22 அமையாமையைக் கணக்கிட்டுக் காட்டுக.
3. ‘இடத்தை மிச்சப்படுத்திய உத்தி பூட்டாயிற்று’ — விளக்குக.
4. ஏட்டுச் சுவடிக்கும் நெகிழ்வட்டுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைப் பத்து வரிகளில் எழுதுக.