கலம்காரித் துண்டில் ஒரு காதணி: விலை வைப்பது எப்படி?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் சிறுதொழிற்கடன் கேட்டு வருவோரிடையே கைவினை அணிகலன் செய்யும் மகளிரும் உள்ளனர். அவர்கள் பயன்படுத்துவது பொன்னோ வெள்ளியோ அன்று. தையற்கடையில் மிஞ்சிய கலம்காரித் துண்டு, தடித்த அட்டை, பழைய புடவையின் சரிகை, மரமணி ஆகியவையே மூலப்பொருள்கள். "வீணாகப் போகும் துணிதானே, செலவே இல்லை" என்ற சொல்லை அவர்களிடம் அடிக்கடி கேட்கிறோம். அச்சொல் கணக்குப்படி சரியா என்று இங்கே பார்ப்போம்.

முதலில் துணியைப் பற்றி. திருக்காளத்தியில் தீட்டப்படும் கலம்காரியில் அச்சு இல்லை; எல்லாம் மூங்கில் எழுதுகோலின் வேலை. பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறு கலந்த எருமைப்பாலில் நனைத்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு மை பரவாமல் காக்கிறது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்துப் பெறும் சாறு, துணியிலுள்ள கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கருமை அடைகிறது. சிவப்பு பிடிக்க வேண்டிய இடங்களில் படிகாரம் தீட்டப்படும். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒருமுறை அலச வேண்டும். பொன்முகலியின் ஓடும் நீர் இதற்குப் பெருந்துணை. இக்கலை நலிந்திருந்த காலத்தில் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1957இல் அங்கே பயிற்சி நிலையம் ஏற்பட்டது. இக்கலைஞர்களுள் ஒருவரான ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இத்துணையும் நடந்த துணியில் உள்ளங்கை அளவு மிஞ்சினாலும் அதை வீண் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஐரோப்பியருக்கும் வரவில்லை போலும். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வண்ணத் துணிகளுக்கு அங்கே பெரும் மோகம் ஏற்பட்டு, உள்நாட்டு நெசவு பாதிக்கப்படுகிறது என்று பிரான்சு 1686இல் அவற்றைத் தடை செய்தது. விலை மிகுந்த அத்துணியின் பூவையும் பறவையையும் தனித்தனியே வெட்டி, வெற்றுத் துணிமேல் ஒட்டுத்தையல் போட்டுப் போர்வை செய்யும் வழக்கமும் அங்கே இருந்தது. இன்று ஒரு துண்டைத் தோடாக மாற்றுபவரும் அதே கணக்கைத்தான் போடுகிறார்.

இனி விலைக்கு வருவோம். கீழ்வருவது விளக்கத்திற்கான ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் எண்களை நீங்களே இட்டுக்கொள்ளுங்கள். ஒரு சோடிக் காதணிக்குத் துணி 5 ரூபாய், அட்டை 4, கொக்கி 6, பசையும் வார்னிஷும் 3, மணியும் நூலும் 7, உறை 5. ஆக 30 ரூபாய். செய்ய 40 நிமிடம் ஆகிறது. அதை 60 ரூபாய்க்கு விற்றால் பாதிக்குப் பாதி இலாபம் என்றுதான் தோன்றும்.

செய்பவரின் நேரத்தைச் சேர்த்துப் பாருங்கள். எட்டு மணி நேர வேலைக்கு 480 ரூபாய் கூலி என்று கொண்டால் 40 நிமிடத்திற்கு 40 ரூபாய். இப்போது அடக்கம் 70. ஒட்டாமல் போனது, கறை பட்டது என்று பத்தில் ஒரு பங்கு கழிவு வைத்தால் 77. அறுபது ரூபாய்க்கு விற்பவர் பொருட்செலவும் கழிவும் போக 23 ரூபாயே பெறுகிறார். எட்டு மணி நேரத்திற்கு 276 ரூபாய். தம் கூலியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் விட்டுக்கொடுக்கிறார். வீட்டு வேலைக்கு இடையே செய்வதால் அது அவர் கண்ணில் படுவதில்லை. துணிக்கு விலை உண்டோ இல்லையோ, கைக்கு உண்டு.

கடைக்காரர் வழியே விற்றால் அவர் பங்கு 30 விழுக்காடு எனில், 120 ரூபாய் விலையிட்டால் கைக்கு வருவது 84. மிச்சம் 7 ரூபாய். "நூற்றிருபது யார் கொடுப்பார்?" என்று கேட்பவர்கள் உண்டு. கையால் தீட்டியது என்பதை அட்டையில் எழுதி வைத்தால் கொடுப்பவர் இருப்பார்கள். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி புவிசார் குறியீடு பெற்ற பெயர். திரை அச்சிட்ட துணியில் செய்ததற்கு அப்பெயரை இடக்கூடாது. மசூலிப்பட்டினத்து மரக்கட்டை அச்சுத் துணியும் வேறு வகையே. கோடு எங்கும் ஒரே தடிப்பாக, ஒரே உருவம் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது எழுதுகோலின் வேலை அன்று.

மற்றொரு பொருளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். சேஷாசலக் காட்டுச் செம்மரத்தில் கடைந்த மணி என்று யாரேனும் மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். உரிய அனுமதியின்றி அம்மரத்தை வெட்டுவதும் கொண்டுசெல்வதும் குற்றம். முறையான ஆவணம் இல்லாத சரக்கை நம்பி எந்தக் கடனும் கேட்க வேண்டாம்.

எவ்வளவு கடன் வேண்டும்? நாளுக்கு 12 சோடி, மாதம் 25 நாள் எனில் 300 சோடி. அடக்கம் 23,100 ரூபாய். கடைகள் பணம் தர இரண்டு மாதம் ஆகுமாயின் 46,200 ரூபாய் முடங்கும். இதில் கூலியும் அடக்கம். அதை விட்டுவிட்டுக் குறைவாகக் கடன் வாங்குவோர் பின்னர் சரக்குக்கான பணத்தில் அரிசி வாங்க நேர்கிறது. இத்தொகை 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில், பிணையின்றிப் பெறும் 50,000 ரூபாய் வரம்புக்குள் வருகிறது. தவணைக் கடனைவிட, வேண்டும்போது எடுத்துப் பணம் வந்ததும் கட்டும் நடைமுறை மூலதனக் கடனே இதற்கு ஏற்றது. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், முழுத்தொகைக்கும் மாதம் 462 ரூபாய் ஆகும். சோடிக்கு 7 ரூபாய் மிச்சம் எனில் மாதம் 2,100 வருகிறது. வட்டி கட்டியபின்னும் கையில் நிற்கும். அறுபது ரூபாய்க்கு விற்பவருக்கோ மாதம் 5,100 ரூபாய் துண்டு விழுகிறது. அவருக்குக் கடன் கொடுப்பது உதவியாகாது என்பதால், கிளையில் விலைப்பட்டியலைத்தான் முதலில் கேட்கிறோம்.

வரும்போது மூன்று மாத வரவுசெலவுக் குறிப்பு கொண்டுவாருங்கள். பள்ளி நோட்டில் எழுதியிருந்தாலும் போதும். உத்யம் பதிவை இணையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். 2023இல் வந்த பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் கலம்காரி ஓவியம் இல்லை, தையற்கலை உண்டு. ஆகவே தையலைத் தொழிலாகக் கொண்டு, மிஞ்சும் துண்டில் அணிகலனும் செய்பவர்கள் அதையும் விசாரித்துக்கொள்ளலாம்.