ப்ரொசீஜர் ஏன் வரிசைகளைத் தர மறுக்கிறது?



எஸ்க்யூஎல் சர்வரில் ப்ரொசீஜருக்குள் ஒரு செலக்ட் எழுதினால் வரிசைகள் தானாக வந்து விழுந்தன. போஸ்ட்கிரெஸில் அதே செலக்ட்டுக்கு, விடையைப் போட இடமில்லை என்று பிழை வருகிறது எனப் புனேயின் ஹிஞ்சவடியிலிருந்து எழுதியிருந்தீர்கள். ஆரக்கிளில் பழகிய உங்கள் டீம் லீட் ‘ரெஃப் கர்சர் போடுங்க’ என்கிறாராம். ஆரக்கிளை விட்டு வருகிறவர்களுக்கென்றே ஒரு போஸ்ட்கிரெஸை விற்கும் எண்டர்பிரைஸ்டிபிக்குப் பெரிய அலுவலகம் இருக்கும் புனேயில், இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்திருக்காது. அதனால்தான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ப்ரொசீஜரை விட்டுவிடுங்கள். போஸ்ட்கிரெஸில் அது வந்ததே 2018-இல், 11-ஆம் பதிப்பில்தான். அதுவும் உள்ளேயே கமிட், ரோல்பேக் செய்துகொள்வதற்காக. இன்அவுட் மாறிகள் வழியே ஒரே ஒரு வரிசை வாங்கலாம், அவ்வளவுதான். பல வரிசைகள் வேண்டுமென்றால் ஃபங்ஷனிடம்தான் கேட்க வேண்டும்.

ஸ்வார்கேட்டிலிருந்து கிளம்பும் ஒரு பேருந்தின் தட எண்ணைக் கொடுத்தால் நிறுத்தங்களைத் தரும் ஃபங்ஷன் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பில் ‘ரிட்டர்ன்ஸ் டேபிள்’ என்று போட்டு வரிசை எண், நிறுத்தத்தின் பெயர் என இரண்டு ஃபீல்டுகளை அறிவியுங்கள். உள்ளே ‘ரிட்டர்ன் கொயரி’, அதன் பின்னால் உங்கள் பழைய செலக்ட். அழைக்கும்போது ஃப்ரம்முக்குப் பிறகு ஒரு டேபிளைப் போல எழுதினால் போதும். ‘வேர்’ போட்டு வடிகட்டலாம், இன்னொரு டேபிளோடு ஜாயின் செய்யலாம். எஸ்க்யூஎல் சர்வரில் ப்ரொசீஜர் தந்த வரிசைகளை மறுபடி பயன்படுத்த ஒரு டெம்ப் டேபிளில் கொட்டித்தானே எடுத்தீர்கள்? அந்தத் தொல்லை இங்கே இல்லை.

இரண்டு இடத்தில் நிச்சயம் தடுக்கும். ரிட்டர்ன்ஸ் டேபிளில் நீங்கள் வைத்த ஃபீல்டு பெயர்கள் ஃபங்ஷனுக்குள் மாறிகளாகவும் ஆகிவிடும். ‘ஸ்டாப்நேம்’ என்று அங்கேயும் டேபிளிலும் ஒரே பெயர் இருந்தால், எதைச் சொல்கிறாய் என்று, ஃபங்ஷனை எழுதும் மொழியான பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் கேட்டு நின்றுவிடும். டேபிளுக்கு ஒரு சின்ன மாற்றுப்பெயர் கொடுத்து, ஒவ்வொரு ஃபீல்டுக்கு முன்னாலும் அதை எழுதிவிடுங்கள். அடுத்தது வகைப் பொருத்தம். கவுண்ட் தருவது பிக்இன்ட்; நீங்கள் இன்டீஜர் என்று அறிவித்திருந்தால் ஓடும்போதுதான் பிழை தெரியும். வார்கேர் ஃபீல்டை டெக்ஸ்ட் என்று அறிவித்தாலும் அதே கதை. செலக்ட்டிலேயே வகையை மாற்றிவிடுவது நல்லது.

ரெஃப் கர்சர் தவறில்லை. ஒரே அழைப்பில் வெவ்வேறு வடிவத்தில் இரண்டு, மூன்று முடிவுகள் வேண்டும் என்றால் அது உதவும். ஆனால் சாதாரணமாக அந்தக் கர்சர் டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் செத்துவிடும். ஆட்டோகமிட் ஓடும் பயன்பாட்டில் பெற்ற கர்சரை ஃபெட்ச் செய்யப் போனால் ஆளே இருக்காது. ஒற்றைப் பட்டியலுக்கு இத்தனை சடங்கு எதற்கு? உங்கள் டீம் லீடிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரிட்டர்ன் கொயரி ஒவ்வொரு வரிசையாக வெளியே அனுப்புவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துவைத்துத்தான் தருகிறது, ஒர்க்மெம் என்ற நினைவக வரம்பைத் தாண்டினால் டிஸ்க்குக்குப் போகும். வெளியே லிமிட் 10 போட்டாலும் உள்ளே முழுப் பட்டியலும் தயாராகும். கொயரியைத் திட்டமிடும் பிளானருக்கோ உள்ளே நடப்பது தெரியாது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 1000 வரிசை வரும் என்று ஊகித்துக்கொள்ளும்.

ஃபங்ஷனில் ஒரே ஒரு செலக்ட்தான் என்றால் பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்லே வேண்டாம். மொழி எஸ்க்யூஎல் என்றும், தன்மை ஸ்டேபிள் என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் பிளானர் ஃபங்ஷனைப் பிரித்து உங்கள் கொயரியோடு கலந்துவிடும், இண்டெக்ஸும் பயன்படும். எக்ஸ்ப்ளெய்ன் போட்டுப் பாருங்கள்: ‘ஃபங்ஷன் ஸ்கேன்’ என்று இன்னும் காட்டினால் கலக்கவில்லை என்று பொருள். அப்போது ஸ்ட்ரிக்ட் என்றோ செக்யூரிட்டி டிஃபைனர் என்றோ போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.